பதினான்கு குழிகள்

முப்பத்தாறு வருஷ காலம் கணக்கு வாத்தியாராக இருந்து, கரும்பலகையில் ஆயிரக்கணக்கான வட்டங்கள் போட்டவன் நான். சீமைச் சுண்ணாம்புக் கட்டியில் நூலைச் சுற்றி, கட்டை விரலை மையமாக ஊன்றி, ஒரே வீச்சில் வட்டம் வரைந்துவிடுவேன். பையன்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். வட்டத்தைப் பற்றி நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற கர்வம் எனக்கு வெகு நாட்களாக இருந்து வந்தது. சென்ற வருஷம் அந்தக் கர்வம் அடங்கிற்று. மரப்பலகை ஒன்றில், இரண்டே கால் அங்குல அகலமும் அரை அங்குல ஆழமும் உள்ள ஒரே ஒரு குழியை வட்டமாகத் தோண்டுவதற்கு எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. தோண்டி முடித்தபோது அது எலி கரண்டிய தேங்காய் மூடியைப் போல இருந்தது.

இந்த வேலையில் நான் இறங்க நேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு குழி வெட்டும் முறையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் உளி பிடிக்க ஆசையுள்ள பிள்ளைகளோ பெண்களோ இருந்தால், நான் செய்த தவறுகளை அவர்களாவது செய்யாமல் இருக்கலாம் அல்லவா?

எங்கள் வீடு காஞ்சீபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. என் தகப்பனார் பட்டு நெசவாளர். நடுக்கூடத்தில் குழித்தறி போட்டிருந்தது. தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, மிதிகளை மாறி மாறி மிதித்துக்கொண்டு, காலை முதல் விளக்கு வைக்கும் வரையில் அவர் உட்கார்ந்திருப்பார். கோர்வைச் சேலை நெய்தால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பதற்கு அருகில் ஒரு பையன் வேண்டும். நான் ஒரு நாளும் அந்தப் பையனாக இருந்ததில்லை. "இந்தக் குழியிலே நீ காலை வைக்கக் கூடாதுடா. போய்ப் படி" என்பார் அப்பா. கூலி கொடுத்து வேறொரு பையனை வைத்துக்கொண்டு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தார்.

தறிக்கு நாலு முழம் தள்ளித் தூணோரத்தில் வேறு விதமான குழிகள் இருந்தன. அவை என் தாயாரின் பல்லாங்குழிப் பலகையில் இருந்தவை. உத்திரமேரூரிலிருந்து கலியாணச் சீரோடு வந்த பலாமரப் பலகை அது. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழிகள். இரு கோடிகளிலும் பித்தளைக் குமிழ் அடித்திருக்கும். பகல் சாப்பாடு முடிந்ததும் தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து கூடிவிடுவார்கள். ஒரு பக்கம் தறியின் 'தடக் தடக்'. மறுபக்கம் புளியங்கொட்டையின் 'கலகல'. இந்த இரண்டு சத்தங்களுக்கும் நடுவில்தான் நான் வாய்ப்பாடு மனப்பாடம் செய்தேன்.

பல்லாங்குழியைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. குழிக்கு ஐந்து வீதம் எழுபது கொட்டைகள். ஒரு குழியை வாரி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு. குழிக்கு உடையவர் எடுத்துக்கொள்வார். வெறுங்குழி வந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் உள்ளதை வாரலாம். கன்னடத்தில் இதையே அளிகுளி மனெ என்கிறார்கள். தெலுங்கில் வாமன குண்டலு. மலேயாவில் சொங்காக் என்றும், இலங்கைச் சிங்களரிடையே ஒலிந்த கெளிய என்றும் பெயர். ஆப்பிரிக்காவிலும் இதன் உறவுமுறை ஆட்டங்கள் பல உண்டு. குழியும் விதையும் இருந்தால் மனிதனுக்குக் கணக்குப் போட ஆசை வந்துவிடும் போலிருக்கிறது! வயது வந்த பெண்ணை உள்ளே உட்கார வைக்கும் நாட்களிலும், கர்ப்பிணிகள் வீட்டோடு இருக்கும் மாதங்களிலும் பொழுதைத் தள்ளியது இந்தப் பலகைதான். வெளியே போகக் கூடாதென்று சொல்லிவிட்ட பெண்களுக்குச் சமூகம் கொடுத்த சிறு சலுகை அது.

2015-ஆம் ஆண்டுக் கார்த்திகை மாதத்தில் பெய்த பெருமழையை எங்கள் ஜில்லாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக் கொல்லைப்புற அறையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. அறையில் அடித்தட்டில் இருந்த சாமான்களெல்லாம் ஊறிப்போயின. பிறகு கரையானும் வந்து சேர்ந்தது. 2016 ஜனவரியில் போகிக்கு முந்திய நாள் நான் அறையைச் சுத்தம் செய்தேன். பல்லாங்குழிப் பலகை அகப்பட்டது. ஒரு பக்கம் மண்ணாக உதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா அப்போது வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டிருக்கலாம். "இதெல்லாம் இனி யார் ஆடப்போகிறார்கள்?" என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, பழைய பாய், முறம் இவற்றோடு அதையும் சேர்த்துக் கட்டி, விடியற்காலையில் தெருவில் கொளுத்திவிட்டேன்.

ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, கண் அழுத்த நோயினால் அம்மாவின் பார்வை இரண்டு கண்களிலும் அவிந்துவிட்டது. வைத்தியர்கள் சொன்னபடி சொட்டு மருந்து விட்டோம். நாள் கடந்து பார்த்த வியாதி. சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி வந்தாள். எட்டு வயதுப் பெண். கொள்ளுப் பாட்டியும் அவளும் பகல் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு—இல்லை, ஒருத்தி மட்டும் பார்த்துக்கொண்டு—உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் அம்மா சொன்னாள்: "தம்பி! அந்தப் பல்லாங்குழிப் பலகையை எடுத்துக் குடு. குழந்தைக்குச் சொல்லித் தரேன். அதுக்குக் கண்ணு எதுக்கு? கை இருந்தாப் போதும்."

எனக்கு நெஞ்சில் 'சுருக்'கென்றது. "பரண்மேலே எங்கேயோ இருக்கும்மா. தேடி எடுக்கிறேன்" என்று பொய் சொன்னேன். அறுபது வயது கடந்த மனிதன், எண்பத்தெட்டு வயதுத் தாயாரிடம், பள்ளிக்கூடத்துப் பையனைப் போலப் பொய் சொன்னேன்.

* * *

கடையில் ஒரு பிளாஸ்டிக் பலகை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். அம்மா ஒரு குழியில் விரல்களை விட்டாள். "இது கிண்ணம் மாதிரி இருக்கு. விரல் உள்ளே போனா மடங்க மாட்டேங்குது. கொட்டை மூலையிலே மாட்டிக்குது" என்று தள்ளி வைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. பல்லாங்குழியின் குழி பாத்திரத்தைப் போல நிறுத்தி வைப்பதற்காக ஏற்பட்டதல்ல, வாருவதற்காக ஏற்பட்டது. நாலு விரல்களும் ஒரே தடவையில் விளிம்பிலிருந்து இறங்கி, அடியைத் தடவி, மறு விளிம்பில் ஏறிவிட வேண்டும். ஒரு கொட்டைகூடப் பின்தங்கக் கூடாது. ஆகையால் அது ஆழமில்லாமல், மூலையில்லாமல், உள்ளங்கையின் வளைவோடு இருக்கிறது.

எங்கள் தெருக்கோடியில் தறிச் சாமான்கள் செய்யும் ஆசாரியார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன்.

"அதுக்கென்ன வாத்தியாரய்யா! ஒரே நாள்லே நானே செஞ்சு தரேனே" என்றார்.

நான் தயங்கினேன். கொளுத்தினது நான்; செய்கிறதும் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று மனத்தில் பட்டது. காரணத்தைச் சொல்லாமல், "நானே செய்ய வேண்டும், கற்றுக் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய குமாரன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறான், உளியைத் தொட்டதில்லை. எதிரே பென்ஷன் வாங்கும் கிழவன் ஒருவன் உளி கேட்டு நிற்கிறான். சிரித்துவிட்டு, "சாயங்காலம் வாங்க" என்றார்.

அப்பாவின் தறியைப் பிரித்தபோது மிச்சமான படைமரம் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் பலகை செய்தால் எவ்வளவு பொருத்தம் என்று எண்ணி, தோளில் தூக்கிக்கொண்டு போனேன். ஆசாரியார் அதை விரலால் தட்டிப் பார்த்தார். "இது காய்ஞ்சு இரும்பாயிடுச்சு. புதுசாக் கத்துக்கிறவங்க உளி இதிலே ஏறாது. பத்திரமா வீட்டிலேயே வைங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். என் கவிதையுள்ளம் சற்று வாடித்தான் போயிற்று. அவர் எடுத்துக் கொடுத்தது பூவரசம் பலகை. நெருக்கமான நாரும் மிதமான கடினமும் உள்ள மரம். நன்றாக உலர்ந்ததாக, கணு இல்லாததாக, ரேகை நீளவாட்டில் நேராக ஓடுவதாகப் பார்த்து எடுத்தார். தேக்கும் பலாவும் கை பழகின பிறகு என்றார்.

* * *

இனி முறையைச் சொல்கிறேன்.

பலகை இருபது அங்குல நீளம், ஆறு அங்குல அகலம், ஒன்றே கால் அங்குலக் கனம். ஒவ்வொரு குழியின் வாயும் இரண்டே கால் அங்குலம். நீளவாட்டில் குழிக்கும் குழிக்கும் நடுவே முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது மூன்று நூல் இடைவெளி. இரண்டு வரிசைகளுக்கும் நடுவே அரை அங்குலம். இந்தக் கணக்கில் பலகையின் கோடியிலிருந்து இரண்டு அங்குலம் ஒரு நூலில் முதல் மையம். அதன்பின் இரண்டு அங்குலம் ஐந்து நூலுக்கு ஒரு மையம். பக்க விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் ஐந்து நூல். இந்த இடத்தில் மட்டும் நான் ஆசாரியாரை மிஞ்சினேன். அவர் அளவுகோலை எடுப்பதற்குள் நான் மனக்கணக்காய்ச் சொல்லிவிட்டேன். "பலே!" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

மையங்களைக் கோடு போட்டுக் குறித்த பின், ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு புள்ளி குத்திக் கவராயத்தால் வட்டம் போட வேண்டும். பென்சிலால் போட்ட வட்டம் கை பட்டு அழிந்துவிடும். ஆகையால் கவராயத்தின் கூர்முனையினால் மரத்தில் கீறியே போட்டுவிட வேண்டும். இந்தக் கீறலுக்கு மற்றொரு பயனும் உண்டு. மேல் நார்களை அது முன்னதாகவே அறுத்துவிடுவதால், உளி பட்டு விளிம்பு பிய்வது குறைகிறது.

அடுத்தது உளி. தட்டையான வாயுள்ள உளியினால் இந்த வேலை நடக்காது. வளைந்த வாயுள்ள உளி வேண்டும். அதைச் சாணைக்கல்லில் பிடித்து, பிறகு தீட்டுக் கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்ட வேண்டும். எனக்கு முதல் மூன்று சாயங்காலமும் தீட்டுவதிலேயே போயின. "கூர் உளி கையை வெட்டும் என்று பயமாக இருக்கிறது" என்றேன். "மழுங்கின உளிதாங்க வெட்டும். அதைத்தான் பலமா அழுத்த வேண்டியிருக்கு, அழுத்தினா வழுக்கும்" என்றார் ஆசாரியார். ஒரு விதி மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு வெட்டவே கூடாது. கீழே ஒரு மணையில் முளைகள் அடித்து, அவற்றுக்கு நடுவில் பலகையை இறுக்கிவிட வேண்டும். இரண்டு கைகளும் உளியின் வாய்க்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்; முன்னால் ஒரு விரல்கூட இருக்கலாகாது.

குழியின் நடுப்பகுதியை மட்டும் முதலில் துளைத்து எடுத்துவிட்டால் சிரமம் குறையும். இதற்காக ஆசாரியார் தம்முடைய மின்சாரத் துரப்பணத்தில் ஓர் அலகை மாட்டிக் கொடுத்தார். சாதாரண அலகு அடியைக் கூம்பாகத் துளைக்கும். இது வட்ட விளிம்பினாலேயே வழி பிடித்துக்கொண்டு இறங்கி, அடியைத் தட்டையாக விடும். பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் என்ற அமெரிக்கர் 1874-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. கடிகாரமோ, நாணயமோ, விளக்கோ பதிப்பதற்குத் தட்டையான வட்டக் குழி வேண்டுமானால் இந்த அலகு ஒன்றே போதும். நமக்கு வேண்டியது வளைந்த குழி ஆகையால் இது பாதி வேலைதான் செய்யும். ஆழம் தெரிவதற்காக அலகின் தண்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டிக்கொண்டு, மூன்று நூல் ஆழத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இங்கேதான் நான் முதல் தவறைச் செய்தேன். குழியின் ஆழம் அரை அங்குலந்தானே, அரை அங்குலமும் துளைத்துவிட்டால் வேலை மிச்சம் என்று எண்ணினேன். அந்த அலகின் நடுவில் ஒரு கூர்முள் இருக்கிறது. அது அடிமட்டத்துக்குக் கீழேயும் சற்று இறங்கி ஒரு பொட்டு வைத்துவிடும். குழியெல்லாம் வழித்து முடித்த பிறகு பார்த்தால், ஒவ்வொன்றின் அடியிலும் அம்மைத் தழும்பைப் போல ஒரு புள்ளி! மூன்று நூலோடு நிறுத்தியிருந்தால் அந்தப் புள்ளியும் உளியோடு வழிந்து போயிருக்கும்.

* * *

இனி உளி வேலை. மரத்தில் நார்கள் நீளவாட்டில் ஓடுகின்றன. குழியின் விளிம்பிலிருந்து அடியை நோக்கி உளி இறங்கும்போது, அது நார்களை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு வழுவழுவென்று போகும். அடியைத் தாண்டி எதிர்ப் பக்கத்துச் சரிவில் ஏறத் தொடங்கினால் நார்களின் நுனி எதிரே வந்து நிற்கும். உளி அவற்றுக்கு அடியில் புகுந்து பிளந்துவிடும். ஆகவே, எந்தப் பக்கத்திலிருந்தும் இறங்கு; எந்தப் பக்கத்திலும் ஏறாதே. இதுதான் மூலமந்திரம். நடுவிலே நிறுத்திவிட்டு, பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டு, எதிர்ப் பக்கத்திலிருந்து இறங்க வேண்டும். முதல் சீவல் நடுத் துளைக்கு அருகில். அடுத்தது கொஞ்சம் பின்னால். இப்படியே பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியில்தான் கீறின கோட்டுக்கு வர வேண்டும். சீவல் மாங்காய்த் தோலைப் போல மெல்லியதாக இருக்கட்டும். கொட்டாப்புளியால் தட்டுவதெல்லாம் தொடக்கத்தில்தான். கோட்டை நெருங்கின பிறகு கைப் பலமே போதும்.

வளைவு சரியாயிருக்கிறதா என்று பார்க்க ஓர் அட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். வாய் இரண்டே கால் அங்குலமும் ஆழம் அரை அங்குலமுமானால், அந்த வளைவு ஏறக்குறைய ஒன்றரை அங்குல ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாகும். கணக்கு வாத்தியார்கள் சரி பார்த்துக்கொள்ளலாம். அட்டையின் விளிம்பில் கரியைத் தடவிக் குழிக்குள் வைத்துச் சுழற்றினால், மேடான இடங்களில் கரி ஒட்டிக்கொள்ளும். கரி பட்ட இடத்தை மட்டும் சீவ வேண்டும். எல்லா இடத்திலும் லேசாகக் கரி ஒட்டினால் குழி முடிந்தது.

நான் ஒன்பதாவது குழி வரையில் வந்துவிட்டேன். அடியில் ஒரு சிறு பிசிர் நின்றது. அதை எடுப்பதற்காக உளியின் முதுகை விளிம்பில் ஊன்றி நெம்பினேன். 'படக்'கென்று ஒரு சத்தம். எட்டாவது குழிக்கும் ஒன்பதாவது குழிக்கும் நடுவிலிருந்த வரப்பு பெயர்ந்து மடியில் விழுந்தது. நீளவாட்டில் அடுத்தடுத்திருக்கும் குழிகளுக்கு நடுவே உள்ள வரப்பில் நார் மிகவும் குட்டையானது. மூன்று நூல் நீளந்தான். அதற்குப் பிடிப்பு ஏது? உளி வெட்டுவதற்கு ஏற்பட்டது. கடப்பாரையைப் போல நெம்புவதற்கு ஏற்பட்டதல்ல.

"வஜ்ஜிரம் போட்டு ஒட்டிவிடலாமா?" என்றேன்.

"ஒட்டலாம். ஆனா, கைக்குத் தெரியும்" என்றார் ஆசாரியார்.

அம்மாவுக்குக் கைதான் இருக்கிறது என்று அவரிடம் நான் சொல்லியிருந்தேன். பலகையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பத்து நாட்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

* * *

அந்தப் பத்து நாட்களில் பழைய ஞாபகம் ஒன்று அடிக்கடி வந்தது. 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் காந்திஜி ஒரு கல்வி மாநாடு கூட்டினார். குழந்தைகளின் படிப்பு ஏதேனும் ஒரு கைத்தொழிலின் வழியாகவே நடக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நூற்பும் நெசவும் தச்சும் அவருடைய மனத்தில் இருந்த தொழில்கள். டாக்டர் ஜாகீர் ஹுசேன் தலைமையில் ஒரு கமிட்டி அதற்குத் திட்டம் வகுத்தது. ஆசிரியர் பயிற்சிப் பரீட்சையில் ஆதாரக் கல்வியைப் பற்றி நான் ஏழு பக்கம் எழுதி நல்ல மார்க்கு வாங்கினேன். தச்சுத் தொழிலின் மூலம் வட்டத்தின் இலக்கணத்தைக் கற்பிப்பது எப்படி என்றுகூட அதில் ஒரு பத்தி இருந்தது. எழுதின கை உளியைத் தொட்டதில்லை.

மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். 1953-இல் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதிப்பொழுது பள்ளிக்கூடத்திலும் மீதிப் பொழுது பெற்றோர் செய்யும் தொழிலிலும் இருக்கலாம் என்று ஏற்பட்டது. 'குலக் கல்வி' என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராஜர் முதல் மந்திரியானதும் திட்டம் கைவிடப்பட்டது. என் தகப்பனார் அரசியல் பேசுகிறவரல்ல. ஆனால் அவர் மனத்தில் இருந்தது அந்த எதிர்ப்புத்தான். கைத்தொழில் உயர்ந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தம் பிள்ளைக்கு அது ஒன்றே கதி என்றிருப்பதைத்தான் அவர் பொறுக்கவில்லை. அவர் குழிக்குள் காலை வைத்தது அரிசிக்காக. நான் உளியைக் கையில் எடுத்தது, மாதம் முதல் தேதியில் பென்ஷன் வந்துவிடும் தைரியத்தில். இரண்டையும் ஒன்றென்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும், அவருடைய தறியருகில் ஒரு நாளாவது உட்கார்ந்து, நாடா தள்ளும் கைக்கு என்ன தெரிகிறது என்று நான் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பதினோராம் நாள் ஆசாரியார் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் புதிய பூவரசம் பலகை. "பழசை ரெண்டா அறுத்துட்டேன். அதிலே இன்னும் ரெண்டு குழி போட்டுக் கை பழக்கிக்குங்க. அப்புறம் இதைத் தொடுங்க" என்றார்.

இரண்டாவது பலகை ஐந்து வாரத்தில் முடிந்தது. முதல் குழிக்கு இரண்டு சாயங்காலம். பதினான்காவது குழிக்கு முக்கால் மணி நேரம். உட்புறத்தை மழமழப்பாக்குவதற்கு உப்புத் தாளை ஒரு ரப்பர்ப் பந்தின் மேல் சுற்றித் தேய்ப்பது நல்லது. விரலால் தேய்த்தால் பள்ளம் பள்ளமாகிவிடும். முன்காலத்தில் இதற்குப் பராய் மரத்தின் சொரசொரப்பான இலையை உபயோகித்தார்கள். திருப்பராய்த்துறையில் ஸ்தல விருட்சமாயிருக்கும் அதே மரந்தான். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் இரண்டு தடவை பூசி உலர்த்த வேண்டும். தேங்காயெண்ணெய் உலராது, நாளடைவில் சிக்கு நாற்றம் எடுக்கும். ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் கொடியில் உலர்த்திவிட்டுத்தான் எறிய வேண்டும்.

பரீட்சை சுலபம். குழியில் ஐந்து புளியங்கொட்டை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நாலு விரலால் ஒரே வாரு. ஐந்தும் கைக்கு வந்தால் தேறிற்று.

* * *

பலகையைக் கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்தேன். "பரண்மேலே இருந்துதும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு இடது கோடியிலிருந்து ஒவ்வொரு குழியாக விரலை விட்டுத் தடவிக்கொண்டே போனாள்.

"இதைத்தான் முதல்லே வெட்டினியா?" என்றாள் ஒரு குழியில் விரலை நிறுத்தி. அதுதான் முதல் குழி. விளிம்பு ஒரு பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். பத்தாவது குழிக்கு வந்ததும், "இங்கே கை வந்துடுச்சு" என்றாள்.

"நான் வெட்டினேன் என்று எப்படித் தெரியும்?"

"ஆசாரி வெட்டினா எல்லாம் ஒரே மாதிரி இருக்குமேடா."

நான் சிறிது நேரம் சும்மா இருந்தேன். பிறகு, "அம்மா, பழைய பலகையை நான்தான்…" என்று ஆரம்பித்தேன்.

"போகிக்குக் கொளுத்தினே. தெரியும்" என்றாள். "பொங்கலன்னிக்கு விடியக்காலம் கோலம் போட வாசலைப் பெருக்கினேன். சாம்பல்லே அகப்பட்டுது. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

தன் வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். அடித் தட்டில் துணியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். கறுத்துப்போன பித்தளைக் குமிழ்கள் இரண்டு.

"புளி போட்டுத் தேய்ச்சுட்டு அடி. குழந்தை வரத்துக்குள்ளே அடிச்சுடு" என்றாள்.

பரீட்சை லீவுக்குப் பேத்தி வந்தாள். முதல் ஆட்டத்தில் கொள்ளுப் பாட்டி ஐம்பத்திரண்டு கொட்டை எடுத்தாள், சின்னவளுக்குப் பதினெட்டு. மூன்றாம் நாள் சின்னவள் அவளை ஒரு ஆட்டம் தோற்கடித்துவிட்டாள். பாட்டி விட்டுக் கொடுத்தாளோ என்று கேட்டதற்கு, "நான் எதுக்கு விட்டுக் கொடுக்கணும்?" என்று அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

குமிழ்களை நானே அடித்தேன். இடது பக்கத்துக் குமிழ் கொஞ்சம் கோணல்.